ஃபிரேமோடு சேர்த்து அளந்து பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். சில ஆண்டுகளாக நீர்வண்ணத்தில் வரைந்துவருகிறேன். சேலத்தில் ஒரு குடியிருப்போர் சங்கம் தங்கள் சமுதாயக் கூடத்தில் ஓவியப் போட்டியும் கண்காட்சியும் நடத்துகிறது. ‘18 × 24 அங்குலத்துக்கு மிகாமல், ஃபிரேம் போட்டு, மாட்டத் தயாராக’ என்று படிவத்தில் இருக்கிறது. முதலில் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப வேண்டும். தேர்வானால் ஓவியத்தை நேரில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். என்னிடம் மூன்று ஓவியங்கள் உள்ளன. ஒன்று, படகுகளோடு ஏற்காடு ஏரி, அரை ஷீட். இரண்டாவது, மூடுபனியில் காபிக் களம், கால் ஷீட். மூன்றாவது, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டம். இது இணையத்தில் பார்த்த போட்டோவை வைத்து வரைந்தது. காபிக் களத்தின் காகிதம் நெளிந்திருக்கிறது, கீழ் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகளும் விழுந்திருக்கின்றன. எதை அனுப்பலாம்? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, கண்ணாடி உடையாமல் எப்படிக் கொண்டுபோவது? என்ன விலை போடுவது? மூன்று வாரம்தான் இருக்கிறது.
— வாசகி, ஏற்காடு

பதில்: தோழி, காபிக் களத்தையே அனுப்புங்கள். அதிலுள்ள நெளிவையும் புள்ளியையும் மூன்று வாரத்துக்குள் சரிக்கட்டிவிடலாம். மற்ற இரண்டிலும் இருக்கும் சிக்கல் அப்படித் தீராது.

ஏரி ஓவியம் அரை ஷீட், அதாவது 15 × 22 அங்குலம். 18 × 24-க்குள் தாராளமாக அடங்கும் என்றுதான் தோன்றும். ஆனால் காகிதத்தில் வரைந்த படத்துக்குச் சுற்றிலும் மவுண்ட், அதாவது நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை, வரும், அதற்கு வெளியே ஃபிரேம் வரும். மவுண்டை ஒரே அங்குலமாகக் குறுக்கினால்கூட வெளி அளவு 17¾ × 24¾ ஆகிவிடும். ஒப்படைக்கும் நாளில் மேசையில் வைத்து அளந்து, முக்கால் அங்குலம் கூடுதல் என்று திருப்பிக் கொடுத்தால் அங்கே வாதாட எதுவும் இருக்காது. ஆகவே படிவத்தில் உள்ள அளவு படத்தினுடையதா, ஃபிரேமின் வெளி அளவா என்று இன்றே கேளுங்கள். பதிலை வாய்மொழியாக வாங்காமல் எழுத்தில் வாங்குங்கள். படத்தின் அளவுதான் என்று அவர்கள் சொன்னாலும் எங்கள் தேர்வு காபிக் களம்தான். ஏற்காடு என்றதும் ஏரியும் படகும் பலருக்கும் தோன்றும். சிவந்த பழம் களத்தில் காயக் காயக் கறுத்துவரும் நிறப்படிகளும், பின்னால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் மூடுபனியில் கரைவதும் அதை அன்றாடம் பார்ப்பவர் கையில்தான் சரியாக வரும்.

திருவிழா ஓவியத்தைப் போட்டிக்கு அனுப்பவே வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு போட்டோவுக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுக்கவும் அவர் இறந்தபின் 60 ஆண்டுகளுக்கும் காப்பு உண்டு. இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. அதைப் பார்த்து அப்படியே வரைந்ததைப் ‘என் சொந்தப் படைப்பு’ என்று படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கக் கூடாது. எடுத்தவரிடம் அனுமதி வாங்கினால் வேறு விஷயம். அடுத்த ஆடியில் நீங்களே கோயில் பக்கம் போய்ப் பத்துக் கோட்டோவியம் போட்டுக்கொண்டு வந்தால் இதைவிட உயிருள்ள படம் கிடைக்கும்.

இனி நெளிவு. வெயில் நன்றாக அடிக்கும் நடுப்பகலில் இந்த வேலையைத் தொடங்குங்கள். மாலையில் பனி இறங்கிவிட்டால் காகிதம் காயவே காயாது. சுத்தமான வெள்ளைத் தாளின் மேல் ஓவியத்தைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் நல்ல தண்ணீரை ஸ்பிரே பாட்டிலால் பூத்தூறலாக அடியுங்கள். காகிதம் தளர்ந்தால் போதும், சொட்டக் கூடாது. மேலே இன்னொரு வெள்ளைத் தாள், அதன் மேல் தட்டையான பலகை, பலகையின் மேல் எட்டுப் பத்து கிலோ எடைக்குக் கணக்குப் பேரேடுகள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு தாள்களையும் மாற்றுங்கள், இரவு இன்னொரு முறை மாற்றுங்கள். இரண்டு நாள் எடையை எடுக்காதீர்கள். பிறகு புறங்கையை மெதுவாகக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. இந்த முறை நீர்வண்ணத்துக்கு மட்டும்தான். பேஸ்டலோ கரியோ கலந்திருந்தாலும், வெள்ளையைத் தடிப்பாக அப்பியிருந்தாலும் தண்ணீர் அடிக்காதீர்கள். அடுத்த முறை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன் காகிதத்தை நாலு பக்கமும் பலகையில் ஒட்டிவிட்டு வரையுங்கள். 200 ஜிஎஸ்எம் காகிதத்தில் வானத்துக்கு நீர்த்த வண்ணத்தில் ஒரு வாஷ் விட்டாலே பள்ளம் மேடு ஆகிவிடும், வண்ணம் பள்ளத்தில் போய்த் தேங்கும்.

பழுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சணத்தின் வேலை. மலையில் காகிதம் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பீரோவுக்குள் காற்றோட்டம் இல்லாமல் அடுக்கினால் புள்ளி விழும். பிளீச்சிங் பவுடர், எலுமிச்சை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். புள்ளியோடு வண்ணமும் போகும், காகிதமும் நைந்துபோகும். காய்ந்த மெல்லிய தூரிகையால் வெளியில் வைத்துத் தூசி தட்டுங்கள், மூக்கைக் கட்டிக்கொண்டு. இதைத் தண்ணீர் அடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும், மற்ற ஓவியங்களின் பக்கத்தில் வைத்துச் செய்யக் கூடாது. கறை போகாது. ஆனால் அது கீழ் ஓரத்தில் அரை அங்குலத்துக்குள் இருந்தால் மவுண்ட் அதை மறைத்துவிடும். புள்ளிகள் அதையும் தாண்டி மேலே ஏறியிருந்தால், பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும். அப்போது மீதியுள்ள நாளில் அதே காட்சியைப் புதிதாக வரைவதுதான் நல்லது.

ஃபிரேம் போடுவதற்கு முன்பே போட்டோவை எடுத்துவிடுங்கள். கண்ணாடி வந்தபிறகு உங்கள் முகமும் ஜன்னலும் அதில் விழும். நேர் வெயில் படாத திண்ணையில், காலை பத்து மணி வாக்கில், ஓவியத்தைச் சுவரில் செங்குத்தாக நிறுத்துங்கள். போன் ஓவியத்தின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்கட்டும். கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். இரண்டு எட்டு பின்னால் வந்து 2 மடங்கு ஜூமில் எடுங்கள். பனி நேரத்து வெளிச்சத்தில் நீலம் ஏறும் என்பதால் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அந்தத் தாள் போட்டோவில் வெள்ளையாகத் தெரியும்வரை நிறத்தைத் திருத்திவிட்டு, போட்டோவிலிருந்து தாள் தெரியும் பகுதியை வெட்டிவிடுங்கள். வேறு எந்த ஃபில்டரும் வேண்டாம்; நேரில் வரும் ஓவியம் மங்கலாகத் தெரிந்தால் ஏமாற்றமாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோ சுருங்கி, பனியின் மெல்லிய படிநிலைகள் பட்டை பட்டையாகிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

இப்போது ஃபிரேம். சாமிப் படத்துக்கு ஃபிரேம் போடும் கடையிலேயே இதைச் செய்யலாம், ஆனால் கையில் எழுதிய தாளோடு போங்கள். முதல் வரியாக இரண்டு ‘வேண்டாம்’களை எழுதுங்கள்: ஓவியத்தின் ஓரத்தை வெட்ட வேண்டாம், ஓவியம் முழுக்கப் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்ட வேண்டாம். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், தண்ணீர் தொட்டு ஒட்டும் பேப்பர் டேப்பால் தொங்கவிட்டால் போதும். காகிதம் ஈரத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். நாலு பக்கமும் ஒட்டிவிட்டால் விரிய இடமில்லாமல் நடுவில் புடைக்கும். செல்லோடேப் கூடவே கூடாது, சில ஆண்டுகளில் மஞ்சள் கறையாக இறங்கும். மவுண்ட் போர்டு ஆசிட்-ஃப்ரீ ரகம் கிடைத்தால் அதையே கேளுங்கள்.

அளவுகளை இப்படி எழுதிக் கொடுக்கலாம். உங்கள் கால் ஷீட் 11 அங்குல உயரம், 15 அங்குல அகலம். மவுண்டின் ஜன்னல் மேலேயும் பக்கங்களிலும் அரைக்கால் (⅛) அங்குலம் ஓவியத்தின் மேல் ஏறட்டும். கீழே மட்டும், புள்ளிகள் மறைய, அரை அங்குலத்தோடு அரைக்காலும் சேர்த்து ⅝ அங்குலம். ஆக ஜன்னல் 10¼ × 14¾. சுற்றிலும் 2½ அங்குல மவுண்ட் விட்டால் 15¼ × 19¾. முக்கால் அங்குலப் பட்டையில், கால் அங்குலம் உள்ளே பிடிப்புக்குப் போனால், வெளி அளவு 16¼ × 20¾. விதிக்குள் அடக்கம். உங்கள் கையெழுத்து ஜன்னலுக்குள் முழுதாக வருகிறதா என்று போர்டை வெட்டுவதற்கு முன் பாருங்கள். பாதி எழுத்து ஒளிந்தால் அசிங்கமாக இருக்கும். மேலே சிறிதாக மறுபடி போட்டுவிடுங்கள்.

மவுண்டின் நிறத்தில் கவனம் வேண்டும். பளீர் வெள்ளை வைத்தால் உங்கள் மூடுபனி அழுக்குச் சாம்பலாகத் தெரியும். லேசான பால்வெள்ளையோ, வெளுத்த சாம்பலோ வைத்துப் பாருங்கள். கடையின் டியூப் லைட்டில் பார்த்தது போதாது, வாசலுக்குக் கொண்டுவந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தங்கப் பூவேலை ஃபிரேம் இந்தப் படத்துக்கு வேண்டாம். மெல்லிய தேக்கு நிறப் பட்டையே போதும். மவுண்ட் வெறும் அலங்காரத்துக்கு இல்லை என்பதையும் கடைக்காரர் மறக்கக் கூடாது. ஓவியத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி இல்லாவிட்டால், ஈரத்தில் வண்ணம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடிக்குப் பதில் 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட் போடச் சொல்லுங்கள். இந்த அளவில் 2 மி.மீ. கண்ணாடி ஒன்றே ஏறக்குறைய ஒரு கிலோ வரும், அக்ரிலிக் அதில் பாதிதான். உடைந்து ஓவியத்தைக் கிழிக்கவும் செய்யாது. துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும் என்பது ஒன்றே குறை. ‘கண்ணாடிதான் வேண்டும்’ என்று விதி சொன்னால், கொண்டுபோகும்போது மேலே மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள், உடைந்தாலும் சில்லு சிதறாது. பின்னால் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில் இரண்டு வளையம், அவற்றுக்கு நடுவே கம்பி. கம்பியை இழுத்துப் பிடித்தால் ஃபிரேமின் மேல் விளிம்பைத் தாண்டித் தெரியக் கூடாது.

மலை இறங்குவது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினம் இல்லை. நாலு மூலைக்கும் தடித்த அட்டை, அதன் மேல் பபிள் ஷீட், வெளியே பெரிய பிளாஸ்டிக் பை, பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம். படுக்கவைக்காதீர்கள்; விளிம்பில் நிமிர்த்தி நிறுத்துங்கள். பஸ் என்றால் மேலே லக்கேஜ் தட்டு வேண்டாம், முழங்காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளுங்கள். சேலம் போய்ச் சேர்ந்ததும் அவசரமாகப் பிரிக்க வேண்டாம். மலையின் குளிரிலிருந்து கீழே வெக்கைக்கு வந்த கண்ணாடியில் ஆவி படியும். ஒரு மணி நேரம் கட்டியபடியே வைத்துவிட்டுப் பிரியுங்கள். ஃபிரேமை ஏற்காட்டிலேயே போடுவதென்றால் மழை நாளில் மூட விடாதீர்கள், ஈரமும் சேர்ந்தே உள்ளே அடைபடும்.

விலைக்குக் காகிதம், வண்ணம், ஃபிரேம் செலவைக் கூட்டி, உழைப்புக்கு நாள் கணக்கில் ஒரு தொகை சேருங்கள். விற்றால் சங்கம் பங்கு எடுக்குமா என்று கேட்டு அதையும் உள்ளடக்குங்கள். பிரிய மனமில்லை என்றால் ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதிவிடுங்கள். யாரும் வாங்கக் கூடாது என்பதற்காகப் பெரிய விலை போடாதீர்கள்.

ஃபிரேமின் பின்னால் ஒட்டும் சீட்டில் பெயர், தலைப்பு, ‘காகிதத்தில் நீர்வண்ணம்’, அளவு, விலை, போன் எண் இருக்கட்டும். அளவில் உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் எழுதுங்கள். ஒப்படைக்கும்போது ஓவியத்தின் நிலையைக் குறித்த ரசீது வாங்குங்கள், முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். திரும்பப் பெறும் தேதியைக் கேட்டு, அன்று எஸ்டேட்டில் விடுப்பும் இப்போதே சொல்லிவிடுங்கள்.