காரின் உண்மையான மைலேஜ் எது? அன்றாட ஓட்டத்தில் எரிபொருள் கணக்கு வைக்கும் முறை

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் என்று தயாரிப்பு நிறுவனம் சொல்கிறது. டாஷ்போர்டில் உள்ள திரை 16.2 என்று காட்டுகிறது. நானே டேங்கை நிரப்பிக் கணக்கிட்டபோது, முதல் முறை 30 லிட்டருக்கு 420 கிலோமீட்டர், அடுத்து 28 லிட்டருக்கு 476, அதற்கடுத்து 31 லிட்டருக்கு 465 என்று வந்தது. அதாவது 14, 17, 15. செல்லும் பாதை பெரும்பாலும் ஒன்றுதான். இவற்றில் எந்த எண்ணை நம்புவது? காரில் கோளாறு ஏதும் இருக்குமா? செல்பேசியில் ஒரு செயலியை வைத்துக்கொண்டால் துல்லியமாகத் தெரியுமா?

பதில்: நீங்கள் கையால் போட்ட கணக்குதான் உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. அதை டேங்க் டேங்காகப் பிரித்துப் பார்ப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். மூன்று முறைக்கும் சேர்த்துக் கூட்டுங்கள்: 1,361 கிலோமீட்டர், 89 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 15.3 கிலோமீட்டர். இப்போதைக்கு உங்கள் காரின் மைலேஜ் அதுவே. 14 வந்த மாதத்தில் காருக்கு எதுவும் கெட்டுவிடவில்லை. 17 வந்த மாதத்தில் எதுவும் சரியாகிவிடவும் இல்லை.

டேங்கை நிரப்பிக் கணக்கிடும் முறையின் அடிப்படை எளிது. பங்க் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வழக்கம்போல் ஓட்டிவிட்டு மறுபடியும் அதே போல் நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை எத்தனை லிட்டர் ஏறியதோ அதுதான் இடைப்பட்ட தூரத்துக்குச் செலவான பெட்ரோல். பலர் முதல் முறை போட்ட லிட்டரால் வகுத்துவிடுகிறார்கள். அந்த லிட்டருக்கும் அந்தத் தூரத்துக்கும் தொடர்பே இல்லை. நடுவில் அரை டேங்க் போட நேர்ந்தால் கணக்கு கெடாது, அந்த லிட்டரையும் அடுத்த முழு நிரப்புதலோடு சேர்த்துக்கொண்டால் போதும். ஒரு முறை ரசீது தொலைந்து அளவும் நினைவில் இல்லை என்றால் மட்டும் அந்த இடைவெளியை விட்டுவிட்டு, அடுத்த முழு டேங்கிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். ரிசர்வ் விளக்கு எரிவதிலிருந்து மறுபடி எரியும் வரை கணக்கிடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அதை நான் பரிந்துரைப்பதில்லை: டேங்கினுள் இருக்கும் மிதவை, சரிவிலும் திருப்பத்திலும் பெட்ரோல் அலையும்போது முன்பின்னாகத்தான் காட்டும், தவிர, டேங்கினுள்ளேயே அமைந்த எரிபொருள் பம்ப் அந்தப் பெட்ரோலால்தான் குளிர்விக்கப்படுகிறது என்பதால், எப்போதும் அடிமட்டம் வரை ஓட்டுவது அதற்கு நல்லதல்ல.

இனி 14-க்கும் 17-க்கும் வருவோம். குழாய் தானாக நிற்பது டேங்க் முழுமையாக நிரம்பியதற்கான துல்லியமான அடையாளம் அல்ல. குழாயின் முனையில் உள்ள சிறு துளையைப் பெட்ரோலோ நுரையோ அடைக்கும்போது அது நின்றுவிடுகிறது. பெட்ரோல் பாயும் வேகம், குழாய் எவ்வளவு ஆழம் நுழைந்திருக்கிறது, தரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, டேங்கினுள் காற்று எங்கே சிக்கியிருக்கிறது ஆகியவற்றைப் பொறுத்து, ஒரு லிட்டரோ அதற்குச் சற்று மேலோ முன்பின்னாக நிற்கலாம். உங்கள் முதல் கணக்கின் முடிவில் வழக்கத்தைவிட 1.5 லிட்டர் கூடுதலாக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உண்மையில் செலவானது 30 அல்ல, 28.5 லிட்டர், மைலேஜ் 14.7. அந்தக் கூடுதல் 1.5 லிட்டர் அடுத்த சுற்றில்தான் எரிந்திருக்கும்; ஆகவே அந்தச் சுற்றின் செலவு 28 அல்ல, 29.5 லிட்டர், மைலேஜ் 16.1. ஒரே ஒரு நிரப்புதலில் நேர்ந்த பிழை முதல் எண்ணைத் தாழ்த்தி இரண்டாம் எண்ணை உயர்த்திவிட்டது. அதை நீக்கினால் மூன்று கிலோமீட்டர் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் மறைந்துவிடுகிறது.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. ஒரு நிரப்புதலில் கூடியது அடுத்ததில் குறைந்து ஈடாகிவிடுவதால், எத்தனை டேங்க் சேர்த்துக் கூட்டினாலும் மொத்தத்தில் எஞ்சுவது முதல் நிரப்புதலின் பிழையும் கடைசி நிரப்புதலின் பிழையும் மட்டுமே. 30 லிட்டரில் ஒரு லிட்டர் பிழை என்பது 3 சதவீதத்துக்கும் மேல். பத்து முறை நிரப்பிய 300 லிட்டரில் அதே ஒரு லிட்டர் 0.3 சதவீதம்தான். ஆகவே ஒரே பங்க்கில், ஒரே குழாயில், ஒரே பக்கமாக நிறுத்தி நிரப்புவது நல்ல பழக்கம் என்றாலும், அது முடியாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை; கூடுதல் டேங்குகளைச் சேர்த்துக் கணக்கிட்டாலே போதும். குழாய் நின்ற பிறகும் விளிம்பு வரை விட்டு நிரப்பினால் துல்லியம் கூடும் என்று சிலர் நம்புகிறார்கள். அவ்வாறு செய்தால் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி வடிகட்டிக்குள் திரவமே நுழைந்து அதைப் பாழாக்கக்கூடும். அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு நீங்கள் மைலேஜில் மிச்சப்படுத்துவதைவிட மிக அதிகம்.

சராசரி காணும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு டேங்கின் மைலேஜையும் கூட்டி எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது. நகருக்குள் 300 கிலோமீட்டர் லிட்டருக்கு 10 வீதமும், நெடுஞ்சாலையில் 300 கிலோமீட்டர் லிட்டருக்கு 20 வீதமும் ஓடிய காருக்குச் சராசரி 15 என்று தோன்றும். செலவானதோ 30 லிட்டரும் 15 லிட்டரும், ஆக 45. 600-ஐ 45-ஆல் வகுத்தால் 13.3 மட்டுமே. எப்போதும் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பதே சரி. பல நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று அளப்பது இந்தச் சிக்கலைப் பெருமளவு தவிர்க்கிறது, செலவையும் நேராகக் காட்டுகிறது. 1,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் மைலேஜ் 10-லிருந்து 12-ஆக உயர்ந்தால் ஏறக்குறைய 17 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 22-ஆக உயர்ந்தாலோ நான்கரை லிட்டர்தான். இரண்டுமே 'இரண்டு கிலோமீட்டர் கூடுதல்' என்றுதான் பேச்சில் சொல்லப்படும்.

டாஷ்போர்டுத் திரை பெட்ரோலை நேரடியாக அளப்பதில்லை. எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதைக் கொண்டு செலவை மதிப்பிட்டு, சக்கரம் சுழன்ற கணக்கில் கிடைக்கும் தூரத்தோடு சேர்த்துக் காட்டுகிறது. பெரும்பாலான கார்களில் அது சில சதவீதம் கூட்டியே காட்டும். உங்கள் காரில் 6 சதவீதம் அளவுக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கியுள்ள எரிபொருள் செலவுப் பதிவுக்கருவிக்கே 5 சதவீதம் வரை பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதால், இதைப் பெரிய குறையாகக் கருத வேண்டியதில்லை. எப்போதும் இரண்டு கிலோ கூட்டிக் காட்டும் எடைக் கருவியிலும் எடை குறைகிறதா கூடுகிறதா என்று தெரிந்துகொள்ளலாம் அல்லவா? ஒரு முழு நிரப்புதலின்போது திரையைப் பூஜ்ஜியமாக்கி, நான்கைந்து டேங்குகள் கழித்து உங்கள் கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைச் சதவீதமாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஒரு தனிப் பயணத்தை இன்னொன்றோடு ஒப்பிடத் திரைதான் வசதி. டேங்க் கணக்கால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

தூரத்திலும் பிழை உண்டு என்பதை அநேகர் மறந்துவிடுகிறார்கள். புதிய டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அது 2 மில்லிமீட்டராகத் தேயும்போது 300 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் 2 சதவீதம் சிறுத்துவிடுகிறது, அதனால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுழல்கிறது, ஓடோமீட்டரும் கூடுதலாகவே எண்ணுகிறது. புதிய டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது என்று வரும் புகார்களில் ஒரு பகுதி இதனால் வருவது. மற்றொரு பகுதி உண்மையானதே, ஏனெனில் ஆழமான பள்ளங்களைக் கொண்ட புதிய டயர் உருள்வதற்குச் சற்றுக் கூடுதல் விசை தேவைப்படுகிறது.

தயாரிப்பு நிறுவனத்தின் 20 என்ற எண் பொய்யல்ல, ஆனால் அது உங்களுக்கான எண்ணும் அல்ல. அது ஆய்வகத்தில், உருளைகளின் மேல், வகுத்துவைத்த வேகத்தில் ஓட்டிப் பெறப்படுவது. எடுத்துக்காட்டாக, டபிள்யூ.எல்.டி.பி. எனப்படும் சர்வதேசச் சோதனை 23 டிகிரி வெப்பத்தில், ஏசி இல்லாமல், 30 நிமிடம் நடக்கிறது. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட்டு வாங்குவதற்கு அந்த எண் பயன்படும். அதற்கு மேல் அதைத் துரத்துவதில் பொருளில்லை.

தூரம், லிட்டர் ஆகியவற்றோடு குறிப்பு என்று ஒரு பத்தியையும் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் ஏன் மாறின என்பதை அதுதான் சொல்லும். எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் இரண்டு கிலோமீட்டர் பயணங்கள் எத்தனை, நெரிசலில் நின்ற நேரம் எவ்வளவு, ஏசி, சுமை, நெடுஞ்சாலை வேகம் ஆகியவற்றை ஓரிரு சொற்களில் எழுதினால் போதும். நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது சிறிய, நடுத்தரப் பெட்ரோல் கார்கள் மணிக்கு 0.6 முதல் 1 லிட்டர் வரை குடிக்கும். தினமும் அரை மணி நேரம் நெரிசலில் நின்றாலே ஏறத்தாழ 0.4 லிட்டர், அதாவது உங்கள் காரின் 6 கிலோமீட்டர் ஓட்டம், தூரமே இல்லாமல் போய்விடுகிறது. பாதை ஒன்றாக இருந்தாலும் புறப்படும் நேரம் மாறினால் மைலேஜ் மாறுவது இதனால்தான். பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் அளவையும் குறிக்கலாம்: லிட்டருக்கு லிட்டர் எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், 10 சதவீதக் கலப்பில் ஆற்றல் ஏறக்குறைய 3 சதவீதம் குறைகிறது, 20 சதவீதத்தில் 6 முதல் 7 சதவீதம்.

கோளாறு என்று எப்போது சந்தேகிக்க வேண்டும்? கடைசி ஐந்து டேங்குகளின் மொத்தக் கணக்கு, அதற்கு முந்தைய ஐந்து டேங்குகளைவிட 7 அல்லது 8 சதவீதத்துக்கு மேல் குறைந்து, குறிப்புப் பத்தியிலும் அதற்கு விளக்கம் இல்லை என்றால், முதலில் டயர் காற்றைப் பாருங்கள். பிறகு, பிரேக்கை அதிகம் பயன்படுத்தாத ஓர் ஓட்டத்துக்குப் பின் ஏதேனும் ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் வெப்பம் மிகுதியாக உணரப்பட்டால், அங்கே பிரேக் முழுமையாக விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். நெடுநேரம் ஓட்டியும் வெப்பமானி வழக்கமான இடத்துக்கு ஏறவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டையும், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் சென்சாரையும் மெக்கானிக் சோதிக்க வேண்டும். எல்லோரும் முதலில் மாற்றச் சொல்லும் ஏர் ஃபில்டரைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். இன்ஜெக்டர் உள்ள பெட்ரோல் எஞ்சினில் அது அடைபட்டால் இழுவை குறையுமே தவிர, உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப பெட்ரோலும் குறைக்கப்படுவதால் மைலேஜ் பெரிதாக மாறாது.

செயலியைப் பொறுத்தவரை, கூட்டலையும் வகுத்தலையும் அது உங்களுக்காகச் செய்யும், துல்லியத்தைக் கூட்டாது. பகுதி நிரப்புதலைத் தனியாகக் குறிக்கவும், விட்டுப்போன நிரப்புதலைத் தெரிவிக்கவும் வசதி உள்ளதா, பதிவுகளை அட்டவணையாக வெளியே எடுக்க முடியுமா என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மெக்கானிக்குகள் எஞ்சின் தகவல்களைப் படிக்கப் பயன்படுத்தும் ஓபிடி இணைப்பில் செருகிச் செல்பேசிக்குத் தகவல் அனுப்பும் சிறு கருவிகளும் கிடைக்கின்றன. அவற்றில் பல, ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று தேவை என்ற விகிதத்தை வைத்து, எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் எடையை 14.7-ஆல் வகுத்துப் பெட்ரோலின் எடையை ஊகிக்கின்றன. டீசல் காருக்கு அந்த விகிதம் பொருந்தாது, பெட்ரோல் காரிலும் டேங்க் கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே அந்த எண்ணைப் பயன்படுத்த முடியும்.