டிசம்பரில் சிட்னி போகவிருக்கும் ஒருவர் கேட்கிறார்: எண்ணூர்க் கரையில் விடியற்காலையில் ஆளே இல்லை, ஆடையின்றிக் குளிக்கலாமா?

கூடாது. சிட்னியின் லேடி பே கடற்கரையில் 1976 முதல் அதற்குச் சட்ட அனுமதி உண்டு, எண்ணூரில் கிடையாது. இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவில் 3 மாதச் சிறை, 1,000 ரூபாய் அபராதம் வரை போகலாம்.

"விடியற்காலையில் ஆளே இல்லை" என்கிறீர்கள். படகுகள் அதற்கு முன்பே கடலுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் எட்டு மணி வரை அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். வலை உதறுகிறவர்கள், மீன் வாங்க வரும் அம்மாக்கள்... துண்டைத் தேட நேரமிருக்காது.

டிசம்பரில் சிட்னி போகிறீர்களே, ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளுங்கள். வாட்சன்ஸ் பே வரை படகு, பிறகு சிறு நடை. உட்காரத் துண்டு வேண்டும். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

ஆடையோடு குளித்தாலும் எண்ணூர் முகத்துவாரத்தருகே இறங்காதீர்கள், இழுப்பு அதிகம்.