ஆரில் மேட்ரிக்ஸ் அணிகளுக்கு இடையே தூரம் கண்டு குழு பிரிப்பது எப்படி?

கேள்வி: ஆர் மென்பொருளில் ஒரு லிஸ்ட்டுக்குள் 40 அணிகள் (மேட்ரிக்ஸ்) வைத்திருக்கிறேன், எல்லாமே 6×6. அணிக்கும் அணிக்கும் தூரம் கண்டு குழு பிரிக்க வேண்டும். தூரம் காணும் டிஸ்ட் (dist) கட்டளையைக் கொடுத்தால் ஒரே அணியின் நிரைகளுக்கு நடுவில்தான் தூரம் வருகிறது. என்ன செய்வது?

பதில்: டிஸ்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அதன் கணக்கில் ஒரு நிரை என்றால் ஒரு ஆள். உங்களுக்கோ முழு அணியும் சேர்ந்துதான் ஒரு ஆள். எனவே முதலில் ஒவ்வோர் அணியையும் ஒற்றை நிரையாக நீட்டிவிடுங்கள்.

லிஸ்ட்டின் ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைச் செய்யும் எஸ்அப்ளை (sapply) கட்டளைக்கு உங்கள் லிஸ்ட்டையும், அணியை எண் வரிசையாக்கும் ஆஸ்.வெக்டரையும் (as.vector) கொடுத்தால் ஒவ்வோர் அணியும் 36 எண்களாக விரியும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வரும் விடையில் 36 நிரை, 40 நிரல் இருக்கும். அதாவது அணிகள் நிரல்களில் நிற்கும். நிரையையும் நிரலையும் இடம் மாற்றும் டி (t) கட்டளை கொடுத்துத் திருப்பிய பிறகே டிஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். திருப்ப மறந்தாலும் ஆர் ஒன்றும் சொல்லாது. டிஸ்ட்டின் விடையில் எத்தனை எண்கள் என்று எண்ணிப் பாருங்கள்: 780 இருந்தால் சரி, 630 இருந்தால் அது அணிகளுக்கு இடையிலான தூரமே அல்ல, கட்டங்களுக்கு இடையிலானது.

இப்படிக் கிடைப்பது ஃப்ரோபீனியஸ் தூரம். ஒரே இடத்தில் உள்ள எண்களைக் கழித்து, வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது. ஒரே இடம் என்பதால், 40 அணிகளிலும் மாறிகள் ஒரே வரிசையில் இருந்தாக வேண்டும். ஓர் அணியில் மட்டும் மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறியிருந்தாலும் அது தனியே ஒதுங்கி நிற்கும், நீங்கள் அதற்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, உங்கள் அணிகள் எந்த வகை? ஒட்டுறவு (கோரிலேஷன்) அணிகள் என்றால் மூலைவிட்டம் முழுக்க 1. மேல் முக்கோணத்தின் 15 எண்களே போதும். தூரங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் குறையும், குழுக்கள் மாறா.

கோவேரியன்ஸ் அணி (மூலைவிட்டத்தில் ஒவ்வொரு மாறியின் சிதறல் அளவான வேரியன்ஸ், மற்ற இடங்களில் இரண்டிரண்டு மாறிகள் சேர்ந்து மாறும் அளவு) என்றால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நான் பம்ப்செட் அதிர்வுத் தரவில் இதே வேலையைச் செய்தேன். ஒரு பம்ப்பில் ஒரு சென்சார் கழன்று, அதன் வேரியன்ஸ் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தது. ஃப்ரோபீனியஸ் தூரம் அதை நல்ல பம்ப்களோடு சேர்த்து உட்கார வைத்துவிட்டது. ஏன் என்பதை 2×2 அளவில் பார்த்தால் புரியும். மூலைவிட்டத்தில் (1, 1) உள்ள அணி நல்ல பம்ப். (1, 0.01) கழன்ற சென்சார். (1, 3) கொஞ்சம் அதிகம் ஆடும் பம்ப். ஃப்ரோபீனியஸ் கணக்கில் நல்ல பம்ப்பிலிருந்து கழன்றது 0.99 தூரம், ஆடுவது 2. நூறில் ஒரு பங்காகச் சுருங்கியது பக்கத்தில், மூன்று மடங்கானது தொலைவில்! இயல் மடக்கை எடுத்துக் கணக்கிட்டால் கழன்றது 4.61, ஆடுவது 1.10. அந்தப் பம்ப் உடனே தனியாகப் பிரிந்தது.

இதற்கு லாக்-யூக்ளிடியன் தூரம் என்று பெயர். அணியின் கட்டங்களுக்கு ஒவ்வொன்றாக மடக்கை எடுக்கக் கூடாது. அது வேறு கணக்கு. ஐகன் (eigen) கட்டளை கொடுத்து அணியை ஐகன் வெக்டர்களாகவும் (அணியின் முக்கியத் திசைகள்) ஐகன் மதிப்புகளாகவும் (அந்தத் திசைகளில் உள்ள அளவுகள்) பிரித்து, ஐகன் மதிப்புகளுக்கு மட்டும் மடக்கை எடுத்து, அதே ஐகன் வெக்டர்களால் மறுபடி அணியாக்க வேண்டும். பிறகு முன்பு சொன்னபடி நீட்டி, திருப்பி, டிஸ்ட். இங்கே மூலைவிட்டத்தையும் மேல் முக்கோணத்தையும் மட்டும் எடுப்பதென்றால் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள எண்களை √2 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஐகன் மதிப்பு பூச்சியமானால் மடக்கை முடிவிலிக்குப் போய்விடும். மாறிகளைவிட அளவீடுகள் குறைவாக இருந்தால் இது நடந்தே தீரும். மூலைவிட்டத்தில் ஒரு சிறு எண்ணைக் கூட்டிச் சமாளிக்கலாம், ஆனால் அந்த எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, குழுக்கள் நிலையாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

குழு பிரிக்க, பக்கத்தில் இருப்பவற்றைப் படிப்படியாகச் சேர்த்துக்கொண்டே போகும் எச்கிளஸ்ட் (hclust) போதும். குழுவுக்குள் சிதறல் குறைவாக இருக்கும்படி சேர்க்கும் வார்டு முறை வேண்டுமானால் "வார்டு.டி2" (ward.D2) என்று கொடுங்கள். "வார்டு.டி" தூரத்தை வர்க்கப்படுத்தாது, அதனால் வார்டு சொன்ன அளவுகோலாக அமையாது. மேலே சொன்ன இரண்டு தூரங்களும் யூக்ளிடியன் வகைதான் என்பதால் வார்டுக்குப் பொருந்தும். பிறகு கட்ரீ (cutree) கட்டளையில் எத்தனை குழு என்று சொன்னால் பிரித்துக் கொடுக்கும்.

டிஸ்ட்டின் விடையைத் தயவுசெய்து கே-மீன்ஸுக்கு (kmeans) கொடுக்காதீர்கள், அது தூரத்தை அல்ல, மூலத் தரவை வைத்துக் குழு பிரிப்பது. பிழை எதுவும் காட்டாமல், அந்தத் தூரப் பட்டியலையே தரவாக நினைத்து ஓடிவிடும். தூரத்தை மட்டும் வைத்துப் பிரிக்க கிளஸ்டர் (cluster) தொகுப்பில் பாம் (pam) என்ற கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு குழுவுக்கும் நடுநாயகமாக உங்கள் 40 அணிகளில் ஒன்றையே அது எடுத்துக் காட்டும். எனக்கு அந்த நடு அணியை எடுத்துப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு குழுவும் என்னவென்று விளங்கியது.