‘ஃபெஸ்’ ஆட்டத்துக்குத் திரும்புகிறேன்: பழைய சேமிப்பா, புதிய தொடக்கமா?

கேள்வி: 2013-ல் கணினியில் ‘ஃபெஸ்’ என்ற புதிர் வீடியோ ஆட்டத்தை விளையாடினேன். 32 கனசதுரங்களைச் சேர்த்து முடித்தபின், அதன் புதிர் எழுத்துகளைப் பாதி படித்த நிலையில் விட்டுவிட்டேன். இப்போது மீண்டும் ஆசை வந்திருக்கிறது. ஆட்டத்தை விட்ட இடத்தில் பதிந்துவைத்த பழைய சேமிப்பு அப்படியே இருக்கிறது. எனக்குத்தான் எதுவும் நினைவில்லை. அன்று கிறுக்கி வைத்த ஒரு தாள் மட்டும் அகப்பட்டது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலிலிருந்து தொடங்குங்கள். பழைய சேமிப்பை அழிக்காமல், வேறொன்றில் புதிதாக ஆரம்பியுங்கள்.

பெரும்பாலான ஆட்டங்களில் நாயகன் வளர்வான். ஆயுதம் கூடும், வலிமை ஏறும். இங்கே நாயகன் கோமெஸின் தலையில் சிவப்புத் தொப்பி ஏறியதும், உலகை 90 பாகை திருப்பும் வித்தை கைக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு வளர வேண்டியவர் நீங்கள்தான். பழைய சேமிப்பில் கதவுகள் திறந்து கிடக்கும். அவற்றைத் திறந்த அறிவு உங்களிடம் இருக்காது. வரைபடத்தில் பொன்னிறமாகத் தெரிபவை எல்லாம் வேலை முடிந்த அறைகள். அங்கே மறுபடி போக உங்களுக்குத் தோன்றாது. ஆனால் துப்புகள் பலவும் அந்தச் சுவர்களில்தான் இருக்கின்றன. நான் ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பின் பழைய சேமிப்பிலேயே தொடர்ந்து, இரண்டு மாலைகள் வெறுமனே அலைந்திருக்கிறேன்.

அடுத்து அந்தத் தாள். அதில் நான்கு சிறு சதுரங்கள் ஒட்டிய, டெட்ரிஸ் கட்டை போன்ற வடிவங்கள் இருக்கின்றனவா? அவை படிப்பதற்கல்ல, அழுத்துவதற்கு. ஒவ்வொரு வடிவமும் ஒரு விசை. மற்ற குறிகள் எழுத்துகள், மொத்தம் 24. ஆங்கிலத்தின் 26-ல் இரண்டு ஜோடிகள் தலா ஒரே குறியைப் பகிர்ந்துகொள்கின்றன. மேலிருந்து கீழாக, வலப்பக்க வரிசையில் தொடங்கிப் படிக்க வேண்டும். பலர் எழுத்துகளைச் சரியாகக் கண்டுபிடித்தும் இந்தத் திசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். எழுத்துகளின் திறவுகோலை நான் சொல்லப்போவதில்லை. சோம்பிக் கிடக்கும் நாயை நரி தாண்டும் அறைக்கு வந்ததும் நின்று யோசியுங்கள். பயிலகத்தில் ஆங்கிலத் தட்டச்சு பழகியவர் என்றால், விரல்களே விடையைச் சொல்லிவிடும்.

விடைக் குறிப்புகளைப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் வரும் சபலம் அது. ஓர் இடத்தில் மட்டும் தயங்காமல் பாருங்கள்: கறுப்புத் தூண் என்னும் புதிர். 2012-ல் ஆட்டம் வெளியான சில நாட்களில் அதைத் திறந்தவர்களும் தர்க்கத்தால் திறக்கவில்லை. பலர் கூடி, சாத்தியமான விசை வரிசைகளைப் பங்கிட்டு ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தே திறந்தார்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருந்தால் அவிழக்கூடியவை. அந்த இன்பத்தை இழந்துவிடாதீர்கள்.

பழைய சேமிப்பை வைத்திருக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஒருமுறை முடித்தவருக்கு அதில் ஒரு கண்ணாடி கிடைக்கும். அதை அணிந்தால் கோமெஸின் கண்வழியே உலகைப் பார்க்கலாம். புதிய ஆட்டத்தில் சந்தேகம் வரும்போது அங்கே போய் நோட்டமிட்டு வரலாம்.

இம்முறை, கடினமான புதிர்களை அவிழ்த்தால் கிடைக்கும் 32 எதிர்க் கனசதுரங்களையும் சேர்த்து 64-ஐ எட்டினால், நீங்கள் அன்று பார்க்காத வேறொரு முடிவு காத்திருக்கிறது. அவற்றில் நான்கு கடிகாரக் கோபுரத்தில் இருக்கின்றன. அதன் முட்கள் நிஜக் காலத்தில் நகர்பவை; மிக மெதுவான முள் ஒரு சுற்று வர ஒரு வாரம் ஆகும். ஆகவே கோபுரத்தை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டு, தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்து வாருங்கள்.