மிஞ்சிய ஃப்ளீஸ் துண்டுகளை என்ன செய்யலாம்?

கேள்வி: குளிர்காலத்துக்காக வீட்டில் எல்லோருக்கும் ஃப்ளீஸ் என்கிற பஞ்சுபோன்ற கதகதப்பான துணியில் ஜாக்கெட்டும் போர்வையும் தைத்தேன். வெட்டியது போக ஒரு மூட்டை துண்டு மிஞ்சியிருக்கிறது. நாலைந்து துண்டுகள்தான் கொஞ்சம் பெரியவை. மற்றதெல்லாம் நீளப் பட்டைகளும், கைக்குழி வெட்டிய வளைவுகளும்தான். எதையாவது தைக்க உட்கார்ந்தால் மெஷின் தையல் விட்டு விட்டுப் போகிறது, ஓரம் அலை அலையாக நெளிகிறது. குப்பையில் போட மனம் வரவில்லை. அடுப்பில் பாத்திரம் இறக்கும் பிடிதுணி, கை துடைக்கும் துண்டு இவை தைக்கலாமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்: அன்புத் தோழிக்கு,

பிடிதுணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது வேண்டவே வேண்டாம். கடையில் கிடைக்கும் ஃப்ளீஸ் பெரும்பாலும் பாலியஸ்டர். சூடான பாத்திரம் பட்டால் அது உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொண்டால் காயம் இன்னும் மோசமாகும். மேலே பருத்தித் துணி போட்டு, ஃப்ளீஸை உள்ளே திணித்தாலும் அதே ஆபத்துதான். மைக்ரோவேவில் சூடாக்கும் ஒத்தடப் பைக்கும் இதைத் தொடாதீர்கள். கை துடைக்கும் துண்டில் ஆபத்து இல்லை, ஆனால் பயனும் இல்லை. பாலியஸ்டர் இழை தண்ணீரைக் குடிக்காது. துடைத்தால் ஈரம் இங்கிருந்து அங்கே நகரும், அவ்வளவுதான். காய்ந்த தூசி துடைக்க மட்டும் ஃப்ளீஸ் நன்றாக உதவும். அலமாரி, புத்தகங்கள், ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் தூசியைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். உள்ளங்கை அளவுத் துண்டு இருந்தால் போதும், ஓரம்கூடத் தைக்க வேண்டியதில்லை.

ஓரம் தைக்க வேண்டாம் என்பதுதான் இந்தத் துணி நமக்குத் தரும் பெரிய சலுகை. இது தறியில் நெய்தது இல்லை, பின்னிய துணி. பின்னிய பிறகு மேற்பரப்பைச் சீவி, இழைகளைப் பஞ்சாக எழுப்பியிருக்கிறார்கள். அதனால் எங்கே வெட்டினாலும் நூல் பிரியாது. பருத்திக்குச் செய்வதுபோல் ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தால் தடியாகி, விறைத்து நிற்கும். வெட்டியபடியே விட்டுவிடுங்கள்.

மூட்டையைக் கொட்டி, அளவுவாரியாகப் பிரிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் நன்றாக நீளும், மற்றதில் கொஞ்சம்தான் கொடுக்கும். நீளும் திசையில் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போடுங்கள். வெட்டிய ஓரத்தை அந்தத் திசையில் இழுத்தால் அது ஒரு பக்கமாகச் சுருளும். சுருண்டு போகிற பக்கம்தான் உள்பக்கம். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே தெரியும் துணியில் இந்தச் சோதனை இல்லாமல் தைத்தால், துவைத்த பிறகுதான் ஒரு பக்கம் அதிகமாக உருண்டை கட்டியிருப்பது தெரியும். மிச்சத் துணியில் தைத்தது உடம்பில் நிற்காமல் போவதற்கு அநேகமாக அந்த அம்புக்குறியைப் பார்க்காததே காரணம்.

இனி மெஷின். தையல் விட்டுப் போவதற்கு ஊசிதான் முதல் சந்தேகம். சாதாரணக் கூர்முனை ஊசியைக் கழற்றிவிட்டு, பனியன் துணிக்குப் போடும் பால்பாயின்ட் ஊசி அல்லது ஸ்ட்ரெச் ஊசி, 90-ஆம் நம்பர், புதிதாகப் போடுங்கள். பாலியஸ்டர் நூல் நல்லது. தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. வரை இருக்கட்டும். ஓரம் நெளிவது, மெஷினின் கால் துணியை அழுத்தி நீட்டிவிடுவதால். அழுத்தத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். பின்னாலிருந்து துணியை இழுக்காதீர்கள். தைத்து முடித்ததும் இஸ்திரிப் பெட்டியை எடுக்காமல் தையலை விரல் நகத்தால் அழுத்திவிட்டாலே படிந்துவிடும். சூடு பட்டால் பஞ்சு நசுங்கி அந்த இடம் பளபளவென்று ஆகிவிடும், திரும்ப எழாது. பாபின் பெட்டியைத் திறந்து பஞ்சுத் தூசியை அடிக்கடி தட்டிவிடுங்கள். ஃப்ளீஸ் தைக்கும்போது அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.

பெரிய துண்டுகளில் தொப்பி தைக்கச் சொல்வேன். பட்டையாக வெட்டிவிட்டால் அவை திரும்ப வராது என்பதால் இதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். தலைச்சுற்றளவு 56 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 28 செ.மீ. அகலம், 28 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டு. அம்புக்குறி அகலவாக்கில் இருக்க வேண்டும். மேல் முனைகளை வளைவாக வெட்டுங்கள். தையலுக்கென்று கூடுதலாக எதுவும் விட வேண்டாம். ஓரத்திலிருந்து 6 மி.மீ. தள்ளித் தைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் இரண்டரை செ.மீ. குறையும், அந்தக் குறைவுதான் தொப்பியைத் தலையில் பிடித்து நிறுத்தும். பக்கத் தையல் மேலும் கீழுமாகப் போவதால் அதில் இழுவை விழாது, ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) இல்லாத மெஷினில் நேர்த்தையலே போதும்.

விளிம்பை 6 செ.மீ. மேலே மடித்துவிட விரும்பினால் ஒரு நுணுக்கம் உண்டு. அப்படியே தைத்தால் மடித்த இடத்தில் தையலின் உள்பக்கம் வெளியே தெரியும். அதனால் கீழிருந்து 6 செ.மீ. உயரத்தில், இரண்டு துண்டிலும், ஓரத்தில் 6 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு விடுங்கள். அந்த வெட்டுக்கு மேலே நல்ல பக்கங்கள், அதாவது வெளிப்பக்கங்கள், ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துத் தையுங்கள். வெட்டுக்குக் கீழே மாற்றி, உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்துத் தையுங்கள். மடித்ததும் தையல் இரண்டு இடத்திலும் மறைந்துவிடும். நெய்த துணியில் இப்படி வெட்டு விட்டால் நூல் பிரிந்துவிடும். ஃப்ளீஸில் துணிந்து செய்யலாம். சிறு குழந்தைக்குத் தைக்கும் தொப்பியில் கட்டும் கயிறு வைக்காதீர்கள்.

60 செ.மீ. நீளம், 25 செ.மீ. உயரத் துண்டு இருந்தால் கழுத்தைச் சுற்றிப் போடும் குழாய் ஒரே தையலில் முடியும். நீளவாக்கில் அம்புக்குறி, குறுகிய ஓரங்களைச் சேர்த்து ஒரு தையல், அவ்வளவுதான். அத்தனை நீளம் இல்லாவிட்டால் மூன்று துண்டுகளை இணைத்துக்கொள்ளலாம், மூன்றிலும் அம்புக்குறி ஒரே பக்கம் பார்த்தால் சரி. வெந்நீர்ப் பைக்கு உறையும் இதே துண்டுகளில் வரும்.

நடுத்தரத் துண்டுகளை 15 செ.மீ. சதுரங்களாக வெட்டிச் சேருங்கள். சதுரங்களைச் சேர்த்துத் தைக்கும்போது பருத்தி ஒட்டுப்போர்வையின் முறை இங்கே உதவாது, முடிச்சு முடிச்சாகத் தடித்துவிடும். ஒன்றின் ஓரத்தை இன்னொன்றின்மேல் 1 செ.மீ. ஏற்றி வைத்து, மேலாக அகலமான ஜிக்ஜாக் ஓட்டுங்கள். தட்டையாக உட்காரும். உள்ளே பஞ்சு அடுக்கு வைக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் பருத்தி வேண்டுமென்றால் அந்தப் பருத்தியை முதலில் துவைத்து, காயவைத்து, பிறகு வெட்டுங்கள். பருத்தி சுருங்கும், ஃப்ளீஸ் சுருங்காது. துவைக்காமல் சேர்த்தால் முதல் சலவையிலேயே போர்வை குமிழ் குமிழாகிவிடும்.

நீளப் பட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. நீளும் திசையில் 2 செ.மீ. அகலத்தில் வெட்டிய பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். ஓரங்கள் உள்ளே சுருண்டு, பட்டை உருண்டையான கயிறாகிவிடும், விட்டாலும் அப்படியே நிற்கும். பொருள்களைக் கட்டி வைக்க, நெருக்கமாகப் பின்னித் தரைவிரிப்பாக்க, இரண்டுக்கும் உதவும். 4 செ.மீ. அகலப் பட்டைகள் மூன்றைச் சடையாகப் பின்னி, இரு முனையிலும் இறுக்கி முடிச்சுப் போட்டால் நாய் இழுத்து விளையாடலாம். கடித்துக் கிழித்து விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு மட்டும் கொடுக்காதீர்கள், பட்டை குடலில் சிக்கிக்கொள்ளும்.

கைக்குழி வளைவுகளையும் சில்லறைகளையும் விரல் நுனி அளவுக்கு நறுக்கிவிடுங்கள். கதவின் அடியில் குளிர்காற்று நுழைகிறதென்றால், கதவின் அகலத்துக்கு ஒரு நீள உறை தைத்து இவற்றை அடைத்து வையுங்கள். ஒரு கதவுக்கே மூட்டையில் பாதி போய்விடும். மீதியை நாய், பூனை படுக்கும் மெத்தைக்குள் போடலாம். ஒரு உள்பையில் அடைத்துவிட்டு வெளியுறையைக் கழற்றித் துவைக்கும்படி செய்யுங்கள்.

குப்பையில் போட மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனசு சரியான மனசு. தண்ணீர் பாட்டில் செய்யும் அதே வகைப் பிளாஸ்டிக்தான் இது. 1993-இல் படகோனியா என்கிற அமெரிக்க உடை நிறுவனம் பழைய குளிர்பான பாட்டில்களிலிருந்து எடுத்த இழையிலேயே ஃப்ளீஸ் உடைகள் கொண்டுவந்தது. மண்ணில் போட்டால் மக்காது. துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் தண்ணீரோடு போகும். ஆகவே தைத்ததை அடிக்கடி துவைக்காமல், அழுக்கானபோது மட்டும், குளிர்ந்த நீரில், குறைந்த நேரச் சுற்றில், மெஷின் நிறையத் துணியோடு போடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம், அது இழைமேல் படிந்து பஞ்சை அமுக்கிவிடும். நிழலில் கொடியில் போட்டால் தானாகவே சீக்கிரம் காய்ந்துவிடும்.