ஜே. ஏ. ரோஜர்ஸைச் சுயமாகக் கற்ற வரலாற்றாசிரியர் என்று ஏன் சொல்கிறார்கள்?

பல்கலைக்கழகப் பட்டம் பெறாமல், நூலகங்களில் தானே தேடிப் படித்து வரலாறு எழுதியவர் என்பதால்தான். ஜமைக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ரோஜர்ஸ், புல்மன் எனப்படும் படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளில் பணியாளராக இருந்தவர். அன்றைய பாடநூல்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் அடிமைகளாகவே வந்தார்கள். அந்த அநீதியே அவரை எழுத வைத்தது. பல நூல்களைத் தாமே பதிப்பித்தார். 1934 முதல் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் வார இதழில் படங்களுடன் சிறு துணுக்குகளாக எழுதினார். பரணில் கிடந்த பாட்டனாரின் படத்தைத் துடைத்துப் பேரப்பிள்ளைக்குக் காட்டுவது போன்ற வேலை அது. உழைத்துக் களைத்தவர்களும் அதைப் படித்தார்கள்; அதையே அவரது பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

பட்டம் இல்லாதவர் ஆதாரமின்றி எழுதினார் என்பது தவறு. மூலங்களைக் குறிப்பிட்டே எழுதினார், ஆனாலும் ஜெர்மானிய இசைமேதை பீத்தோவன் கறுப்பினத்தவர் என்பது போன்ற சில கூற்றுகளை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.