ஒப்பந்தம் போட்ட வீரர் கல்லூரி மாறினால்: கேள்வி பதில்

2025 ஜூலை 1 முதல், கல்லூரி விளையாட்டு வீரர்கள் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசப்படி, அமெரிக்கக் கல்லூரிகள் தங்கள் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். இந்த ஒப்பந்தங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஒப்பந்தக் காலம் முடியுமுன் வெளியேறும் வீரரை நீதிமன்றம் தடுத்து நிறுத்துமா?

விரும்பாத ஒருவரை ஆடியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. 1852இல் லண்டனில், ஜோஹன்னா வாக்னர் என்ற பாடகியை ஒப்பந்தப்படி பாட வைக்க முடியாவிட்டாலும், வேறு அரங்கில் பாடக் கூடாது என்று தடுக்கலாம் எனத் தீர்ப்பானது. அந்த வழியைக் கல்லூரிகளும் நாடலாம். ஆனால், வீரர்கள் ஊழியர்கள் அல்லர், பணம் அவர்களுடைய பெயரையும் உருவத்தையும் பயன்படுத்துவதற்கே, ஆடுவதற்கு அன்று என்று அவையே வாதிட்டு வந்திருப்பதால், ஆட்டத்துக்கே தடை கேட்கும்போது அந்த வாதம் அவற்றையே திருப்பித் தாக்குகிறது. என் பார்வையில் இது அவையே தேடிக்கொண்ட வினை.

கேள்வி: கல்லூரி மாறியவர் ஓராண்டு ஆடக் கூடாது என்று பழையபடி உட்கார வைக்கலாமே?

முடியாது. மாநிலங்களும் மத்திய நீதித் துறையும் தொடுத்த வழக்கில் 2024இல் ஏற்பட்ட உடன்பாட்டோடு அந்த விதி போய்விட்டது.

கேள்வி: அப்படியானால் பணத்தையாவது திரும்பப் பெற முடியுமா?

உண்மையான சண்டை இங்கேதான் நடக்கிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலிருந்து மிசௌரி பல்கலைக்கழகத்துக்கு மாறிய அமெரிக்கக் கால்பந்து வீரர் டேமன் வில்சனிடம், ஜார்ஜியாவின் விளையாட்டு அமைப்பு 3,90,000 டாலர் கேட்கிறது. அவர் பெற்றதாகச் சொல்லப்படுவதோ 30,000 டாலர். விலகினால் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்த தொகை, ஏற்படக்கூடிய இழப்பின் நியாயமான மதிப்பீடாக இருந்தால் செல்லும். ஆளை அச்சுறுத்துவதற்கான தண்டமாக இருந்தால் செல்லாது. கையெழுத்தானது முழு ஒப்பந்தம் அன்று, சுருக்கமான நிபந்தனைத் தாள்தான் என்ற வாதமும் இதில் எழுந்துள்ளது. தொகை பெரிதாக இருப்பதே வழக்கை வலுவாக்கிவிடாது.

கேள்வி: விஸ்கான்சின் பல்கலைக்கழகம் ஏன் வீரரை விட்டுவிட்டு மயாமி பல்கலைக்கழகத்தின் மீது வழக்குப் போட்டது?

விஸ்கான்சினின் அமெரிக்கக் கால்பந்து வீரர் சேவியர் லூகாஸ் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்ததால், கல்லூரி மாற விரும்புவோரின் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க விஸ்கான்சின் மறுத்தது. அவரோ படிப்பையே விட்டு விலகி, மயாமியில் புதிதாகச் சேர்ந்துகொண்டார். 2025 ஜூனில், பிறருடைய ஒப்பந்தத்தில் தெரிந்தே குறுக்கிட்டதாக மயாமி மீது வழக்கு வந்தது. பத்தொன்பது வயதுப் பையனிடம் வசூலித்தால் அடுத்த ஆண்டு சேர வருபவர்கள் தயங்குவார்கள் என்ற கணக்கும் இதில் இருக்கும் என்பது என் ஊகம்.

கேள்வி: என் மகளுக்கு ஒப்பந்த வரைவு வந்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதந்தோறும் குறைகிறதா, கல்லூரியே அவரை அணியிலிருந்து நீக்கினாலும் அதைக் கட்ட வேண்டுமா, தகராறு நடுவரிடம் போகுமா நீதிமன்றத்துக்குப் போகுமா, அது எந்த மாநிலத்தில் நடக்கும் என்பவற்றை முதலில் பாருங்கள். சுருக்கத் தாளில் கையெழுத்திட அவசரப்படுத்தினால், முழு ஒப்பந்தம் கைக்கு வரும்வரை மறுத்துவிடுங்கள்.